ஆளுக்கு எட்டு கிராம் பருப்பு

கீரை, பருப்பு, முட்டை, பழம் நிறையச் சாப்பிடுங்கள் என்று மருத்துவர் சொல்லி அனுப்புகிறார். நல்ல யோசனைதான். ஆனால் அன்றாடக் கூலியில் வீட்டு வாடகையும் பஸ் காசும் போக மிஞ்சுவதில் இதெல்லாம் வாங்க முடியுமா?

ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் கணக்குப்படி, 2022-இல் உலகில் சுமார் 280 கோடிப் பேருக்குச் சத்தான உணவு வாங்கக் கட்டுப்படியாகவில்லை. அவர்கள் எல்லாரும் பட்டினி கிடப்பவர்கள் அல்லர். வயிறு நிறைகிறது, சத்து சேர்வதில்லை.

நம் ஊரையே பாருங்கள். 2011 முதல் ரேஷனில் அரிசி இலவசம். பசியைத் தணித்த பெரிய காரியம் அது. துவரம் பருப்பும் மலிவு விலையில் உண்டு, மாதம் ஒரு கிலோ. நான்கு பேர் வீட்டில் அதைப் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 8 கிராம்! மீதிக்கு வெளிக்கடை விலைதான். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்தசோகை என்று தேசிய குடும்பநல ஆய்வு சொன்னதில் வியப்பில்லை. வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவரும் பெரும்பாலும் பெண்தானே.

பருப்பு மட்டுமல்ல, ஏழை வீட்டுக் கூழாக இருந்த சத்தான கேழ்வரகும் இன்று அழகான பாக்கெட்டில் கூடுதல் விலைக்கு விற்கிறது. தருமபுரி, நீலகிரி மாவட்டங்களில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு ரேஷனில் தரத் தொடங்கினார்கள். அது எல்லா மாவட்டத்துக்கும் வர வேண்டும். பருப்பின் அளவும் கூட வேண்டும். உங்கள் ஊர் கிராம சபையில் இதைக் கேளுங்கள்.