ஏடு ஈந்த கைகள்

 

ஈகை என்றவுடன், முல்லைக்குத் தேர் ஈந்த பாரியும் மயிலுக்குப் போர்வை அளித்த பேகனும் நம் நெஞ்சில் வந்து நிற்பர். பொன்னும் பொருளும் ஈந்தாரை நாடறியும். ஏடு ஈந்தாரை நாடறியுமா? கடையெழு வள்ளல்களை ஒருங்கே போற்றும் சிறுபாணாற்றுப்படை இன்று நம் கையில் இருக்கின்றது. அது நமக்குக் கிடைத்தது எவ்வாறு? அதனைத் தாங்கிய சுவடிகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து, கேட்டவர்க்கு மறுக்காமல் எடுத்துக் கொடுத்த கைகளால் அன்றோ! அக்கைகளுள் சில இந்நெல்லை மண்ணுக்கு உரியவை.

குடந்தைக் கல்லூரித் தமிழாசிரியராய் இருந்த உ.வே. சாமிநாதையர், 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய பின்னர்ப் பத்துப்பாட்டில் கை வைத்தார். அவரிடம் இருந்த படிகள் குறையுடையனவாய் இருந்தன. நல்ல படி தேடி அவர் நெல்லைக்கு வந்தார். தெற்குப் புதுத்தெருவில் வாழ்ந்த கவிராயர் குடும்பத்தார் தம் இல்லத்துச் சுவடிகளை அவர்முன் திறந்து வைத்தனர். பின்பு அவர் ஆழ்வார்திருநகரிக்குச் சென்றார். அங்கே இலக்குமணக் கவிராயர் தம் வீட்டு ஏடுகளையெல்லாம் பார்க்கத் தந்தார். தேடிய நூல் அவற்றுள் இல்லை. ‘இல்லை’ என்று சொல்லி விடை கொடுத்திருந்தால் யார் அவரைக் குறை கூறியிருப்பர்? அவரோ அத்துடன் அமையவில்லை. தம் மாமனார் தேவர்பிரான் கவிராயர் இல்லத்தில் இருந்த சுவடியையும் பெற்றுவந்து கொடுத்தார். 1889-இல் பத்துப்பாட்டு நச்சினார்க்கினியர் உரையுடன் வெளிவந்தது.

இக்கொடையின் அருமையை எண்ணிப் பாருங்கள். புலவர் குடிக்கு ஏடே நிலம், ஏடே பொன். வெளியூரார் கையில் கொடுத்த சுவடி மீண்டு வருமோ வாராதோ! வந்தாலும், நூல் அச்சேறி ஊரெங்கும் பரவியபின், ‘எம்மிடம் மட்டுமே உள்ளது’ என்னும் பெருமை அவ்வீட்டுக்கு ஏது? அப்பெருமையை இழக்க உடன்பட்டே அவர்கள் ஈந்தார்கள். பெற்றவரும் நன்றி மறந்தாரல்லர். ஏடு தந்தார் பெயர்களைத் தம் பதிப்பின் முகவுரையில் பொறித்து வைத்தார். ஈவோர் பண்பும் பெறுவோர் பண்பும் ஒன்றுகூடிய இடத்தில்தான் தமிழ் உயிர் பிழைத்தது.

இதே நெல்லையில் 1920-இல் தோன்றியது சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம். தனித்தமிழ்த் தந்தை மறைமலையடிகள் தம் வாழ்நாளெல்லாம் தேடித் தொகுத்த ஏறத்தாழ 4,000 நூல்களைத் தமிழ்மக்கட்கே உரிமையாக்கி, 1950-இல் மறைந்தார். அந்நூல்களை முதலாகக் கொண்டு, கழக ஆட்சியாளர் வ. சுப்பையா பிள்ளை 1958-இல் சென்னையில் மறைமலையடிகள் நூல்நிலையத்தைத் திறந்தார். அடிகளார் ஒருவர் பயின்ற நூல்கள் ஆயிரவர்க்குப் பயன்பட்டன.

ஈயாத ஏட்டின் நிலை என்ன? செல்லுக்கும் நெருப்புக்கும் நீருக்கும் அது இரையாகும். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் அவற்றோடு அழிந்தன. படியெடுத்துப் பலர்க்கும் வழங்கப்பட்டிருந்த நூல்களோ வேறிடங்களில் பிழைத்தன. அப்பாடத்தை உணர்ந்த ஈழத்தமிழர், 2005-இல் ‘நூலகம்’ என்னும் மின்னூலகத்தைத் தொடங்கி, வீடு வீடாகத் தேடிய நூல்களைப் படியெடுத்து, உலகத் தமிழர்க்கெல்லாம் விலையின்றி வழங்கி வருகின்றனர். பொருநையின் நிலை மட்டும் வேறா? 2023 திசம்பர்த் திங்கள் 17, 18 நாள்களில் பெய்த பெருமழையில் ஆறு கரைபுரண்டது; திருவைகுண்டமும் ஏரலும் ஆழ்வார்திருநகரியும் நீரில் தத்தளித்தன. வீட்டுக்குள் புகுந்த வெள்ளம், இது பழைய துணி, இது அரிய நூல் என்று பார்த்தா ஒதுங்கிப் போகும்?

‘தமிழ் வாழ்க’ என்று முழங்குதல் எளிது. தம் பேழையிலுள்ள ஓர் அரிய நூலைப் பிறர் கையில் கொடுத்தலே அரிது. ஆகவே, அன்பர்களே! பாட்டனார் விட்டுச்சென்ற நூல்களை எடைக்குப் போடாதீர்கள், பூட்டியும் வையாதீர்கள். என்னென்ன உள்ளன என்று பட்டியல் எழுதுங்கள். படியெடுக்க வருவார்க்குத் திண்ணையில் இடம் தாருங்கள். இரவல் பெற்ற நூலை அட்டை கசங்காமல் திருப்பிக் கொடுங்கள். பிறர் தந்த நூலால் ஒரு வரி எழுதினாலும், தந்தார் பெயரை அதில் மறவாமல் குறியுங்கள்.

பாரியின் தேர் இன்று இல்லை. பேகனின் போர்வையும் இல்லை. அவர்கள் புகழைச் சுமந்த ஏடு மட்டும் நிலைத்தது. அதனை நிலைக்கச் செய்தவர்களும் வள்ளல்களே. அவ்வரிசையில் இன்னும் இடம் இருக்கின்றது.

வாழ்க தமிழ்!