கருவியும் அதன் விளக்கமும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் மென்பொருள் துறையில் பணியாற்றும் பிள்ளைகள் பலர் உள்ளனர். அவர்கள் முன் இன்று ஒரு புதிய பணி வந்து நிற்கிறது. இதுகாறும் மனிதர் கையாள்வதற்கென்று செய்யப்பெற்ற மென்பொருட் கருவிகளைச் செயற்கை நுண்ணறிவு முகவர்களும் கையாளுமாறு அமைப்பதே அப்பணி. அதனைப் பற்றிச் சில கூற விழைகின்றோம்.

முகவர் என்பது யாது? கேட்ட வினாவிற்கு விடை கூறுவதோடு அமையாமல், இட்ட பணியை முடிக்கும் பொருட்டுத் தானே கருவிகளைத் தேர்ந்து இயக்கும் மென்பொருளே முகவர். ஆயினும், அது பொதுவாகக் கருவியின் உள்ளமைப்பைக் காண்பதில்லை. கருவியின் பெயர், அதன் பயனை உரைக்கும் சில வரிகள், அதற்கு அளிக்க வேண்டிய விவரங்களின் பட்டியல் ஆகியவற்றையே காண்கிறது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ என்னும் பொதுநெறியும் கருவிகளை இம்முறையிலேயே அறிமுகப்படுத்துகிறது. ஆதலின், விளக்கத்தையும் கருவியின் ஓர் உறுப்பாகவே நாம் கொள்ளல் வேண்டும்.

நமக்குப் பழகிய ரயில் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். விடுமுறைக்குச் சென்னை செல்லப் பயணச்சீட்டுப் பெறும் பணியை ஒரு முகவரிடம் ஒப்படைப்பதாகக் கொள்வோம். ‘4-5’ என்று நாள் குறித்தால், அது மே 4 ஆ, ஏப்ரல் 5 ஆ? சென்னை என்றால் சென்ட்ரலா, எழும்பூரா? முன்னதன் குறியீடு எம்.ஏ.எஸ்.; பின்னதன் குறியீடு எம்.எஸ். ஓரெழுத்தே வேறுபாடு! பயணச்சீட்டு எழுத்தர் ஐயம் தோன்றின் நம்மைக் கேட்டறிவார். முகவரோ, ‘ஐயமுற்றால் கேள்’ என்று விளக்கம் பணிக்காவிடின், ஒன்றைத் தானே கருதிக்கொண்டு மேற்சென்றுவிடக் கூடும். மேலும், 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது. பழைய விளக்கம் திருத்தப்படாமல் இருக்குமாயின், செம்மையான கருவியும் தவறாகவே இயக்கப்படும்.

நல்ல விளக்கம் எப்படி இருத்தல் வேண்டும்? கருவியை எப்பொழுது பயன்படுத்தலாம், எப்பொழுது ஆகாது, விவரங்களை எவ்வடிவில் தருவது, செய்த செயலை மீட்க இயலுமா என்பவற்றை அது தெளிவாகக் கூறல் வேண்டும். ‘பிழை’ என்று மட்டும் அறிவிக்கும் கருவியால் பயனில்லை. ‘பயண நாள் 60 நாளுக்கு அப்பாற்பட்டது’ என்று அறிவித்தால் முகவர் தன்னைத் திருத்திக்கொள்ளும். 2024-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘எஸ்.டபிள்யூ.இ. ஏஜென்ட்’ என்னும் முகவரை அமைத்தனர். நிரலைத் திருத்தும்போது இலக்கணப் பிழை நேர்ந்தால், அத்திருத்தத்தை ஏலாது உடனே சுட்டும் கருவியை அதற்கு அளித்தனர். மாதிரியை மாற்றாமலே, கருவியைச் செம்மைப்படுத்துவதால் கூடுதல் பணிகள் நிறைவேறுவதை அவர்கள் கண்டனர்.

விளக்கினால் மட்டும் போதுமா? சோதித்துத் தெளிதலும் வேண்டும். வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரமும், ‘தெரிந்து வினையாடல்’ என அதனை அடுத்து மற்றோர் அதிகாரமும் வகுத்திருத்தல் ஈண்டு நினைக்கத் தக்கது. ஒருமுறை வென்றது மறுமுறையும் வெல்லும் என்பதற்கு உறுதியில்லை. 2024-ல் சியரா நிறுவனத்தார் வெளியிட்ட ‘டௌ-பெஞ்ச்’ என்னும் தேர்வு, கடை வாணிகம், விமானப் பயணம் ஆகிய துறைகளில் முகவர்களைச் சோதித்தது. அன்று முன்னணியில் நின்ற ஜி.பி.டி.-4ஓ பாதிக்கும் குறைவான பணிகளிலேயே வெற்றி பெற்றது. கடை வாணிகத்தில் ஒரே பணியை எட்டு முறை கொடுத்து எட்டிலும் வெல்கிறதா என்று பார்த்தபோது, அளவு 25 விழுக்காட்டிற்கும் கீழே இறங்கியது. அதன்பின் மாதிரிகள் வளர்ந்துள்ளன. ஆயினும் பலமுறை சோதித்தல் என்னும் பாடம் பழையதாகிவிடவில்லை.

எனவே, இளைஞர்களே! சரியான வேண்டுகோள்களோடு மயக்கம் தருவனவற்றையும் கொடுத்துச் சோதியுங்கள். முகவர் தவறிய இடத்தைப் பதிவேட்டில் தேடிப் படியுங்கள், விளக்கத்தைத் திருத்துங்கள், மீண்டும் சோதியுங்கள். பணம் செலுத்துதல், பதிவை அழித்தல் போன்ற செயல்களை மனிதரின் இசைவின்றி நடைபெற விடாதீர்கள். நீங்கள் எழுதும் இரண்டு வரி மயங்கினால், முகம் அறியாத ஒரு குடும்பத்தின் சேமிப்பு கரையக் கூடும். ஒரு முதியவரின் பயணம் தடைப்படக் கூடும். அப்பொழுது ‘இயந்திரம் செய்தது’ என்று கூறி நாம் பொறுப்பினின்று விலகிவிட முடியாது.

பெற்றோர்களே! நிரல் எழுத நாம் அறியாதவர்களாய் இருக்கலாம். ஆயினும், ‘இதனை எத்தனை முறை சோதித்தாய்? தவறினால் மீட்க வழி உண்டா?’ என்று நம் பிள்ளைகளைக் கேட்க நமக்குத் தெரியும். அக்கேள்விகளை இன்றே கேட்போமாக.