கொட்டாங்குச்சி எரிந்த போகி

(தாம்பரத்தில் தை மாதம் நடந்த மாணவர் – இளைஞர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



‘பண்டிகையும் நாமும்’ என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். எனக்கு முன்னால் பேசிய தோழர், பொங்கலைத் தமிழர் திருநாள் என்று சொல்லும்போது அந்தத் தமிழருக்குள் சேரி இருக்கிறதா இல்லையா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். சரியான கேள்வி. கோட்பாட்டு ரீதியாகப் பதில் சொல்லப் படித்த தோழர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் ஒரு திருட்டுக் கதையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்று வந்திருக்கிறேன். நாங்க பண்ண திருட்டு. போகி ராத்திரி பண்ணது.

எழுபதுகளின் கடைசி. தாம்பரத்துக்குத் தெற்கே ஏரிக்கரையை ஒட்டி எங்கள் சேரி. இன்றைக்கு அந்தப் பக்கம் போனால் மனைப்பிரிவும் அடுக்குமாடியும்தான் தெரியும். 2021இல் தாம்பரம் மாநகராட்சியே ஆகிவிட்டது. அன்றைக்கு ஏரிக்குக் கீழே நெல் வயல். வயல் ஊர்க்காரர்களுடையது, அறுக்கிற கை எங்களுடையது. ஆண்களில் பாதிப் பேர் திரிசூலம் மலையில் கல் உடைக்கப் போவார்கள். மீதிப் பேர் பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கம் தோல் பதனிடப் போவார்கள். குரோம்பேட்டை என்கிற பேரே குரோம் தோல் கம்பெனியால் வந்த பேருதான். தோலால ஊருக்குப் பேரு வந்துச்சி, தோலைத் தொட்டவனுக்குத் தீட்டு மட்டும்தான் வந்துச்சி.

போகி என்றால் இந்தச் சென்னை, செங்கல்பட்டு, திருவள்ளூர் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு மேளம். மண் வளையத்தில் மாட்டுத்தோலை இழுத்து ஒட்டிய சின்ன மேளம். நெருப்பில் காட்டிக் காட்டி அடித்தால் கணீரென்று கேட்கும். ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். வருஷம் முழுக்க மாட்டுத்தோல் என்றால் மூக்கைப் பொத்துகிறவன் வீட்டுப் பிள்ளையும் அன்றைக்கு ஒரு நாள் அதே தோலை மடியில் வைத்து அடிக்கிறது. செத்த மாட்டை உரித்தவன் யார், தோலைக் காயவைத்தவன் யார் என்று அந்தப் பிள்ளை கேட்பதில்லை. அதுக்குச் சொல்லிக் கொடுக்கிறதும் இல்லை.

போகிக்கு முந்தைய ராத்திரி நாங்கள் தூங்க மாட்டோம். விடியற்காலை நாலு மணிக்குக் கொளுத்தணும். கொளுத்துவதற்குச் சேரியில் என்ன இருக்கிறது? பழசு இருந்தால்தானே கழிக்க முடியும்? எங்க வீட்டில் இருந்த பழசை எல்லாம் நாங்கள் உபயோகப்படுத்திக்கொண்டிருந்தோம். கிழிந்த பாய்தான் படுக்கிற பாய். அதனால் எரிக்கிற சாமானை ஊர்ப் பக்கத்திலிருந்து கொண்டுவருவது எங்கள் வழக்கம். போகி ராத்திரி எடுத்தால் திருட்டு இல்லை என்று நாங்களாகவே ஒரு சட்டம் வைத்திருந்தோம். எந்தச் சட்டசபையும் நிறைவேற்றாத சட்டம்.

அன்றைக்கு அஞ்சு பேர் கிளம்பினோம். நாலு பையன்கள், என் பெரியம்மா மகள் ஒருத்தி. அவதான் தலைவர். எங்களைவிட ரெண்டு வயசு மூத்தவ, பனைமரமே ஏறுவா. பனி கொட்டுது. வரப்பு வழுக்குது. ஊர் நாய் ஒன்று குரைக்க ஆரம்பித்தது. எங்களில் ஒருவன் டிராயர் பையில் இதற்காகவே கருவாடு வைத்திருந்தான். போட்டான். அதோடு அந்த நாய் குரைப்பதை நிறுத்திவிட்டு எங்களோடு சேர்ந்துகொண்டது. ராத்திரி முழுக்க எங்கள் பின்னாலேயே வந்தது. ஊரில் எங்களை மதித்த ஒரே ஜீவன் அதுதான்.

முதலில் ஒரு உடைந்த படல். அப்புறம் ரெண்டு ஓட்டை முறம், ஒரு கூடை. போதாது. பக்கத்துச் சேரிப் பிள்ளைகள் லாரி டயரே வைத்திருப்பதாகத் தகவல் வந்திருந்தது. மானப் பிரச்சினை. பண்ணைக்காரர் மோட்டார் கொட்டகைக்குப் போகலாம் என்று அக்கா சொன்னாள். கொட்டகைக்குப் பின்னால் உளுத்துப்போன நுகத்தடி ஒன்று கிடக்கிறது, காவல்காரர் குடித்துவிட்டுத் தூங்குவார் என்றாள். ரெண்டுமே சரியாக இருந்தது. நாங்கள் நுகத்தடியைத் தூக்கும்போது அவர் உள்ளே இருமினார். அஞ்சு பேரும் அப்படியே சேற்றில் படுத்துவிட்டோம். நாயும் படுத்துக்கொண்டது. ஒருத்தனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் வாயில் அக்கா பாவாடை முனையை வைத்து அடைத்தாள்.

எழுந்து கிளம்பும்போது அவள் கொட்டகையின் தாழ்வாரக் கூரையைத் தடவினாள். கீற்றுக்குள் வரிசையாகச் செருகி வைத்திருந்தது. கொட்டாங்குச்சி. பதினோரு கொட்டாங்குச்சி.

அது என்னவென்று எங்களுக்குத் தெரியும். அறுப்புக்கும் நடவுக்கும் வருகிற எங்கள் வீட்டுப் பெண்களுக்குத் தண்ணியும் கூழும் ஊற்றுகிற கொட்டாங்குச்சி. ஆளுக்கு ஒன்று. குடித்துவிட்டுக் கழுவி அங்கேயே செருகிவிட்டு வரணும். ஒன்றின் விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கும். அது எங்க ஆயாவோடது.

அக்கா என்ன சொன்னாள் தெரியுமா? “கொட்டாங்குச்சி நல்லா எரியும்டா, எடு” என்றாள். அவ்வளவுதான். தோழர்களே, இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாங்கள் தீண்டாமையை ஒழிக்கப் போகவில்லை. அம்பேத்கர் பேர் எங்களுக்குச் சரியாகத் தெரியாது. டயர் வைத்திருக்கிற சேரிப் பிள்ளைகளைவிட உயரமாக நெருப்பு எரியணும் என்று போனோம்.

நாலு மணிக்குக் கொளுத்தினோம். மேளம் அடிக்கிறோம், சத்தம் ஏரிக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பி வருது. கொட்டாங்குச்சியைப் போட்டதும் படபடவென்று வெடித்து நெருப்பு பனை உயரம் எழும்பியது. சத்தம் கேட்டு ஆயா வந்தாள். குச்சியால் நெருப்பைக் கிளறினாள். பார்த்துவிட்டாள். “எங்கருந்துடா எடுத்தாந்தீங்க?” என்றாள். யாரும் பேசவில்லை. அதே குச்சியால் என் முதுகில் ரெண்டு வைத்தாள். அப்போது பாதி எரிந்த கொட்டாங்குச்சி ஒன்று உருண்டு வெளியே வந்து அவள் காலடியில் நின்றது. ஆயா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் குச்சியால் அதை மறுபடியும் நெருப்புக்குள்ளே தள்ளினாள்.

காணும் பொங்கல் முடிந்து அறுப்புக்குப் போனார்கள். பள்ளிக்கூடம் லீவு, நானும் கூடப் போயிருந்தேன். உச்சி வேளைக்குப் பண்ணைக்காரம்மா கூழ் கொண்டுவந்தார். கூரையைப் பார்த்தார். “எங்கடி கொட்டாங்குச்சி?” ஆயா சொன்னாள், “போகில எரிஞ்சிபோச்சி ஆண்டே. பழசக் கொளுத்தறதுதான போகி.” “போயி புதுசு எடுத்தா.” “எங்க வூட்ல தேங்கா ஏது ஆண்டே, கொட்டாங்குச்சிக்கு?” பெண்கள் எல்லாம் குனிந்து சிரித்தார்கள். அந்தம்மா சிரிக்கவில்லை. அன்றைக்குக் கையை ஏந்தச் சொல்லி மேலே இருந்து ஊற்றினார்கள். சிரித்த பெண்கள் எல்லாம் கையை ஏந்தினார்கள். ஆயா மட்டும் ஏந்தவில்லை. வெறும் வயிற்றோடு சாயங்காலம் வரைக்கும் அறுத்தாள்.

மறுநாள் ஆயா வீட்டிலிருந்தே தூக்குவாளியில் தண்ணி கொண்டுபோனாள். அதற்கு மறுநாள் இன்னும் மூணு பேர். அறுப்பு முடியறதுக்குள்ள பதினோரு பேரும். களத்தில் கூலி அளக்கும்போது பண்ணைக்காரர் ஆளுக்கு அரை மரக்கால் குறைத்து அளந்தார். காரணம் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு ராத்திரி சேரியில் ஆயாவோடு மத்த பொம்பளைங்க பெரிய சண்டை. “உம் பேரன் பண்ண வேலைக்கு எம் புள்ளங்க ஏன் பட்டினி கெடக்கணும்?” நியாயமான கேள்வி. ஆயாவிடம் பதில் இல்லை. அவள் பங்கு நெல்லிலிருந்து அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் அளந்து கொடுத்தாள். ஆனால் அடுத்த நடவுக்கும் யாரும் கொட்டாங்குச்சி கொண்டுபோகவில்லை. அது அப்படியே நின்றுபோச்சு.

இது வெற்றிக் கதை இல்லை. எங்களுக்குப் பண்ணை வீட்டுச் சொம்பில் தண்ணி கிடைக்கவில்லை. எங்கள் தண்ணியை நாங்களே சுமந்தோம், அதற்கு அரை மரக்கால் நெல் அபராதமும் கட்டினோம். ஆனால் இழிவைக் கையில் வாங்குவது நின்றது. இந்த ரெண்டையும் சேர்த்துத்தான் பார்க்கணும்.

ரொம்ப வருஷம் கழித்து, 1991இல் அம்பேத்கர் நூற்றாண்டையொட்டி ஊர் ஊராகக் கூட்டம் நடந்தபோதுதான் மகத் போராட்டத்தைப் பற்றி நான் கேள்விப்பட்டேன். 1927 மார்ச் 20ஆம் தேதி பாபாசாகேப் தன் மக்களோடு போய் சௌதார் குளத்துத் தண்ணீரைக் குடித்தார். அதே வருஷம் டிசம்பர் 25ஆம் தேதி அதே மகத்தில் மனுஸ்மிருதி கொளுத்தப்பட்டது. முதலில் தண்ணீர், பிறகு நெருப்பு. கூட்டத்தில் இதைக் கேட்டபோது எனக்கு முதுகில் ஆயா அடித்த இடம் சுரீரென்றது. எங்க ஏரிக்கரையில் நெருப்பு முதலில் வந்தது, தண்ணீர் பிறகு வந்தது. மகத்தில் தெரிந்து கொளுத்தினார்கள், நாங்கள் தெரியாமல் கொளுத்தினோம். எங்கள் கூட்டத்தில் தெரிந்து செய்த ஆள் ஒருத்திதான். உருண்டு வந்ததைத் திரும்ப உள்ளே தள்ளிய ஆயா.

இதே தாம்பரத்தில் சானடோரியம் பக்கம் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அதன் மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதர் பேர். தினமும் ரயிலில் அந்தப் பேரைக் கடந்து போகிறோம். 1907இல் பத்திரிகை தொடங்கி நடத்திய பண்டிதர், பண்டிகைகளுக்கெல்லாம் பௌத்த விளக்கம் எழுதினார். அவர் சொன்ன ஒவ்வொன்றையும் வரலாற்று உண்மையாக ஏற்கணுமா என்பது ஆய்வாளர்கள் விவாதிக்க வேண்டியது. நமக்கு முக்கியம் வேறு. பண்டிகைக்கு அர்த்தம் சொல்கிற அதிகாரத்தை அவர் பார்ப்பனியத்திடமிருந்து பிடுங்கினார். “பழசக் கொளுத்தறதுதான போகி” என்று களத்துமேட்டில் நின்று சொன்ன எழுதப் படிக்கத் தெரியாத கிழவி செய்ததும் அதுதான்.

அறுவடைத் திருநாள் என்கிறோம். யாருடைய அறுவடை? இந்தச் செங்கல்பட்டு மாவட்டத்துக் கலெக்டராக இருந்த டிரமன்ஹீர் 1891இல் நம் மக்களின் நிலையைப் பற்றி அறிக்கை கொடுத்தார். அதையொட்டி 1892இல் பஞ்சமி நிலத்துக்கு ஆணை வந்தது. அந்த நிலமெல்லாம் எங்கே போச்சு என்று கேட்டுத்தான் இதே மாவட்டத்தில் காரணையில் மக்கள் போராடினார்கள். 1994 அக்டோபர் 10ஆம் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். நிலம் நம்மிடம் இருந்திருந்தால் அரை மரக்காலைக் குறைக்கிற கை எங்கிருந்து வந்திருக்கும்?

இளைஞர்களுக்கு ரெண்டு வார்த்தை. இப்போது கொட்டாங்குச்சி இல்லை, அதனால் தீண்டாமை இல்லை என்று சொல்கிறவர்கள் வருவார்கள். டீக்கடையில் தனிக் குவளைக்குப் பதிலாக இப்போது பேப்பர் கப். குடித்துவிட்டுத் தூக்கி எறியலாம். எரிப்பதற்கு வேலையே வைக்காத கொட்டாங்குச்சி அது. கப்பு பேப்பர் ஆகிவிட்டது, சாதி பேப்பர் ஆகவில்லை. சந்தேகம் இருந்தால் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலை நினைத்துக்கொள்ளுங்கள். 2022 டிசம்பரில் நம் மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது. எங்க ஆயாவாவது தன் தண்ணியைத் தூக்குவாளியில் கொண்டுபோனாள். இவர்கள் எதில் கொண்டுபோவது?

இன்னொன்று. டயர் கொளுத்தாதீர்கள். 2018 போகியன்று புகையால் மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் திரும்பிப் போயின. அதை எல்லோரும் பெரிசாகப் பேசினார்கள். விமானத்தில் இருந்தவன் வேற ஊரில் போய் இறங்கிக்கொண்டான். அந்தப் புகைக்குக் கீழே படுத்திருந்தது பம்மலிலும் பல்லாவரத்திலும் நம்ம குழந்தைகள். நெருப்பு உயரமாக எரியணும் என்கிற ஆசை எனக்கும் இருந்தது. எதைப் போட்டால் உயரமாக எரியும் என்பதைத்தான் இப்போது யோசிக்கணும்.

கடைசியாக மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் வீட்டு ஆயாக்களிடம் போய் உட்காருங்கள். எந்த வீட்டில் எதில் குடித்தாய், எப்போது நிறுத்தினாய், நிறுத்தியதற்கு என்ன பறிகொடுத்தாய் என்று கேட்டு எழுதுங்கள். அவளே சொல்ல மாட்டாள். எங்க ஆயாவும் சாகும்வரை அந்தப் போகியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அக்காதான் ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்லிச் சிரிப்பாள். பேரப் பிள்ளைகள் எடுத்த அவள், இன்றைக்கும் அந்த நாய்க்குக் கருவாடு போட்ட கதையில்தான் ஆரம்பிப்பாள். கொட்டாங்குச்சிக்கு வரும்போது குரலைத் தாழ்த்திவிடுவாள்.

அந்தக் குரலைத் தாழ்த்தாமல் சொல்வதற்குத்தான் இந்தக் கூட்டம். ஜெய் பீம்.