எதிரியிலிருந்து தொடங்கும் ஆய்வு: ஜப்பானின் வட்டார நாயகர்கள்

ஜப்பானில் 'கோதோச்சி ஹீரோ' எனப்படுபவர்கள் ஒரு மாகாணத்துக்கோ ஊருக்கோ தீவுக்கோ மட்டும் உரிய முகமூடி வீரர்கள். இந்த மரபு நாடளாவிய தொலைக்காட்சித் தொடர்களிலிருந்து வந்தது: 1971இல் 'காமென் ரைடர்', 1975இல் 'கோரெஞ்ஜர்'. அந்த நாயகர்கள் பேசியது பொது ஜப்பானிய மொழி. எதிரிகள் உலகையே பிடிக்க வந்தவர்கள். வட்டார நாயகனின் எதிரிக்கு அவ்வளவு பெரிய ஆசை கிடையாது. ஓர் ஊரின் பழக்கத்தையும் பேச்சையும் குலைத்தால் அவனுக்குப் போதும். எதை இழக்க அந்த ஊர் அஞ்சுகிறது என்பதை அவனே காட்டித் தருகிறான். ஆகவே ஆய்வு எதிரியிடமிருந்து தொடங்குவதே முறை.

வடக்கே அகிதா மாகாணத்தில் 2005இல் தோன்றியவன் 'சோஜின் நெய்கா'. அங்குள்ள ஓகா தீபகற்பத்தில் டிசம்பர் 31 இரவு, வைக்கோல் அங்கி போர்த்த 'நமஹகே' முகமூடியர் வீடு வீடாக ஏறி, அழுகிற பிள்ளை உண்டா என்று அதட்டுவார்கள். 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த வழக்கம் இது. அந்த அதட்டலின் கடைசிச் சொல்லான 'இனேகா'வே 'நெய்கா' ஆயிற்று. முகமூடி இல்லாதபோது அவன் வயலில் உழைக்கும் இளைஞன். பெயர் அகிதா கென். 'அகிதா மாகாணம்' என்றும் அது காதில் விழும். வாளின் பெயர், சோற்றை மசித்துக் குச்சியில் அப்பிச் சுடும் 'கிரிதன்போ'விலிருந்து வந்தது. துப்பாக்கியின் பெயரில் இருப்பது 'புரிகோ', அதாவது ஹதஹதா மீனின் சினை. விளையாட்டுப் போலத் தோன்றும் இந்தப் பெயருக்குள் ஒரு துயரம் கிடக்கிறது. 1960களில் ஆண்டுக்கு 20,000 டன் வரை கிடைத்த ஹதஹதா 1991இல் சுமார் 70 டன்னாகச் சுருங்கியது; அகிதா மீனவர்கள் 1992 முதல் மூன்று ஆண்டுகள் தாமாகவே வலையைச் சுருட்டி வைத்தார்கள். நெய்காவின் எதிரிகள் 'தஜாகு' சங்கத்தார். 'தஜாகு' என்றால் அகிதாப் பேச்சில் அடாவடி.

தெற்கே ஒகினாவாவில் 2008இல் தொலைக்காட்சிக்கு வந்த 'ரியூஜின் மபுயா' இன்னும் ஆழமான படைப்பு. 'மபுய்' என்பது ஆன்மா. திடுக்கிட்டால் அது உடலை விட்டு நழுவும், சடங்கு செய்து திரும்ப அழைக்க வேண்டும் என்பது தீவினரின் நம்பிக்கை. கதையில் 'மஜிமுன்' என்னும் தீய ஆவிகள் மபுய்க் கற்களைத் திருடுகின்றன. ஒரு கல் போனால் தீவினருக்குத் தங்கள் மொழி மறந்துபோகிறது. இன்னொன்று போனால் எதற்கும் பதறாத அவர்களின் இயல்பு போகிறது. நாயகனின் அடிக்குப் பெயர் 'சூப்பர் மேகோசா': 'மேகோசா' என்பது பெரியவர்கள் பிள்ளைகளுக்கு வைக்கும் குட்டு. ஒகினாவாப் பள்ளிகளில் தாய்மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் தண்டனையாகப் பலகை மாட்டிய காலம் ஒன்று இருந்தது. 2009இல் யுனெஸ்கோ அம்மொழியை அழியும் ஆபத்திலுள்ளவற்றுள் சேர்த்தது. பலகை சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தச் சொற்கள் ஒரு வீரனின் வாயிலிருந்து கேட்கக் கிடைத்தன.

பிற மாகாணங்களிலும் இத்தகைய நாயகர்கள் உண்டு. அவோமொரியின் 'ரஸ்ஸெய்பா' நெபுதா விழாக் கூவலால் பெயர் பெற்றவன். ஃபுக்குவோகாவில் 2020இல் தொடங்கிய 'தோகெஞ்ஜர்ஸ்' பல உள்ளூர் நாயகர்களை ஒரே தொடரில் சேர்த்தது.

இவர்கள் பெருகிய காலத்தில் ஜப்பானின் உள்ளாட்சிகள் இணைக்கப்பட்டு, 1999இல் 3,232 ஆக இருந்தவை 2010இல் 1,727 ஆயின. பல ஊர்ப் பெயர்கள் வரைபடத்திலிருந்து மறைந்தன. அகிதாவின் மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் 10 லட்சத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. ஆகவே வட்டாரப் பேச்சு அறிந்த முதியோர் இருக்கும்போதே இந்நாயகர்களின் மேடை உரையாடல்கள் அந்தந்தச் சொல்லோடும் ஒலியோடும் பதிவாக வேண்டும். பொது மொழிக்கு மாற்றி எழுதிய படிகளை ஆய்வரங்குகள் சான்றாக ஏற்கலாகாது.