மனசு வலிக்குது என்று எந்த மொழியில் சொல்வது?

(பண்டார் தெங்காராவில் நடந்த தொலைக்காட்சி அரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரை)



நான் மருத்துவர் அல்ல. பொதுத் தொடர்புத் துறையில் டிப்ளோமா பெற்று, ஒலிவாங்கியைப் பிடித்துப் பிழைக்கிறவன். ஆனாலும் மனநலத்தைப் பற்றிப் பேச எனக்கு ஒரு காரணம் உண்டு.

எனக்கு அப்போது பத்து வயது. செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்த அம்மாவுக்குப் பல வாரங்களாகத் தூக்கமில்லை. கிளினிக்கிற்குப் போனோம். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. அம்மாவுக்குக் கடைக்குப் போய் வரும் அளவுக்குத்தான் மலாய் தெரியும். நடுவில் நான். "மனசு வலிக்குதுன்னு சொல்லுப்பா" என்றார் அம்மா. நான் "சாக்கிட் ஹாத்தி" என்றேன். மலாயில் அதற்கு மனக்கசப்பு, ஆத்திரம் என்று பொருள். "யார்மேல் கோபம்?" என்று கேட்டார் டாக்டர். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். தலைவலி மாத்திரையோடு வீடு திரும்பினோம். பிள்ளையின் முன்னால் சொல்ல முடியாத எதை அவர் மனத்தில் வைத்திருந்தாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

இந்த நிகழ்ச்சிக்காகப் படித்தபோதுதான் தயா சோமசுந்தரம் என்ற தமிழ் மருத்துவரைப் பற்றி அறிந்தேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவப் பேராசிரியராக இருந்தவர். 1990இல் வெளிவந்த 'முறிந்த பனை' நூலை எழுதிய நால்வரில் ஒருவர். போர் நடந்த காலத்தில் அங்கேயே இருந்து நோயாளிகளைப் பார்த்தார். போரால் மக்கள் மனத்தில் விழுந்த வடுக்களைப் பற்றி 1998இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார்.

அவரிடம் வந்தவர்களில் பலர் "எனக்குக் கவலை" என்று சொல்லவில்லை. தலையிடி, நெஞ்சடைப்பு, உடம்பு உளைவு என்றே சொன்னார்கள். நம் அம்மாக்களும் அப்படித்தானே? மனத்தின் வலியை உடம்பின் வழியாகச் சொல்வது நம் வழக்கம். அதைப் புரிந்துகொள்ளாத டாக்டர் வயிற்றுக்கு மருந்து கொடுப்பார். புரிந்துகொண்டவர் "வீட்டில் என்ன நடந்தது?" என்று கேட்பார்.

மனத்தை அமைதிப்படுத்தும் பயிற்சியை அவர் எல்லாருக்கும் ஒரே மாதிரி கற்பிக்கவில்லை. இந்துக்களுக்கு ஓம் என்னும் மந்திரம், கத்தோலிக்கர்களுக்கு ஜெபமாலை, இஸ்லாமியர்களுக்கு திக்ர், பௌத்தர்களுக்கு மூச்சைக் கவனிக்கும் தியானம் என்று அவரவர்க்குப் பழக்கமான வழியிலேயே தொடங்கினார். மருந்து தேவைப்பட்டவருக்கு மருந்தும் உண்டு. நம்பிக்கையை அவர் மருந்துக்குப் பகையாக நிறுத்தவில்லை.

பிறகு 1990களில் கம்போடியா போனார். 1975 முதல் 1979 வரை நடந்த போல் பாட் ஆட்சியில் அந்த நாட்டின் மருத்துவத் துறையே அழிந்திருந்தது. அங்கே புத்த பிக்குகளையும் நாட்டு வைத்தியர்களையும் ஊர்ப் பெரியவர்களையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு சமூக மனநலப் பணி நடந்தது. அதற்கும் பிறகு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில், பல நாடுகளிலிருந்து வந்த அகதிகளுக்குச் சிகிச்சை அளித்தார். பேரழிவில் தனிமனிதன் மட்டும் காயப்படுவதில்லை, குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்படுகின்றன என்பது அவர் எழுத்துகளில் திரும்பத் திரும்ப வரும் கருத்து.

யாழ்ப்பாணத்துக் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் பண்டார் தெங்காரா, கெஜோரா என்னும் தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியம் காட்டையும் தோட்டத்தையும் திருத்தி எழுப்பிய நகர்களில் ஒன்று. மலாய்க்காரர், தமிழர், சீனர், இந்தோனேசியத் தொழிலாளர் எல்லாரும் ஒரே சந்தையில் காய்கறி வாங்குகிறோம். ஆனால் மனம் உடைந்தால் அவரவர் மொழியில்தான் அழுகிறோம்.

தம்போயில் பெர்மாய் மருத்துவமனை 1937 முதல் இருக்கிறது. ஆனால் நம்மில் எத்தனை பேர் "தம்போய்க்குப் போ" என்பதைக் கேலிப் பேச்சாக மட்டுமே கேட்டு வளர்ந்தோம்! அந்தக் கேலிக்குப் பயந்து, நோய் முற்றும்வரை வீட்டுக்குள் ஒளித்து வைத்த குடும்பங்கள் உண்டு. ஒருகாலத்தில் சட்டமும் அச்சுறுத்தியது. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும் 309ஆம் பிரிவை 2023இல்தான் நம் நாடு நீக்கியது. உதவி கேட்பது குற்றமில்லை என்று சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது. நாம்தான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, டாக்டரிடம் போகும்போது பிள்ளையை மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள். நம்பிக்கையான பெரியவர் ஒருவரை அழைத்துப் போங்கள், அல்லது தமிழ் தெரிந்த தாதி இருக்கிறாரா என்று கேளுங்கள். இரண்டு, கோயிலுக்குப் போங்கள், மருந்தையும் நிறுத்தாதீர்கள். மூன்று, இந்த அரங்கில் இருக்கும் இளைஞர்களுக்கு. டாக்டர், வழக்கறிஞர் என்று கனவு காண்கிறீர்கள். உங்களில் ஒருவராவது உளவியல் படித்து, தமிழில் கேட்டு, தமிழில் பதில் சொல்லும் ஆலோசகராக இந்த ஊருக்குத் திரும்பி வாருங்கள்.

அப்படி ஒருவர் அன்று அந்தக் கிளினிக்கில் இருந்திருந்தால், நான் வெளியே வாங்கில் உட்கார்ந்திருப்பேன். அம்மா உள்ளே பேசியிருப்பார்.