வெற்றிடத்தின் பயன்



வெண்பா எழுதப் பழகுவோர் முதலில் அஞ்சுவது தளைக்குத்தான். மாச்சீரை அடுத்து நிரையசை வரவேண்டும். விளச்சீரையும் காய்ச்சீரையும் அடுத்து நேரசை வரவேண்டும். நின்ற சீர் எங்ஙனம் முடிந்தது என்பதே வருஞ்சீர் எங்ஙனம் தொடங்கும் என்பதை விதிக்கிறது. இணைப்பின் விதியை அறிந்தவர்க்குச் செய்யுளின் கட்டமைப்பு முன்னரே புலனாகிவிடும். இத்தகைய உண்மையை அணுக்களின் உலகில் கண்ட மூவருக்கே 2025ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ராப்சன், 1974இல் மாணவர்க்குப் பாடம் நடத்துவதற்காக மரக்குண்டுகளாலும் குச்சிகளாலும் மூலக்கூறு மாதிரிகள் செய்ய முனைந்தார். எந்த இடத்தில் துளையிட வேண்டும் என்பதைக் குறித்துக் கொடுத்தார். துளைகள் சரியாக அமைந்தபின் குச்சிகளைச் செருகியதும் மாதிரி தானே உரிய வடிவம் பெற்றது. வடிவம் முழுவதும் துளைகளின் இருப்பிடத்திலேயே அடங்கிக் கிடந்தது. குண்டின் இடத்தில் உலோக அயனியையும் குச்சியின் இடத்தில் கரிம மூலக்கூற்றையும் வைத்தால் என்ன நிகழும்? பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே அவர் அதனைச் சோதித்தார். செப்பு அயனிகளும் நான்கு கைகள் கொண்ட மூலக்கூறுகளும் இணைந்து, வைரத்தின் அமைப்பை ஒத்த படிகமாயின. ஆயின் அதனுள்ளே பெரும் வெற்றிடங்கள் இருந்தன. 1989இல் இதனை அவர் வெளியிட்டார். அப்படிகங்கள் எளிதில் சிதைந்தன. பயனற்றவை என்று பலர் ஒதுக்கினர்.

ஜப்பானியரான சுசுமு கிடாகவா அவ்வாறு ஒதுக்கவில்லை. மாணவப் பருவத்தில் அவர் படித்தது இயற்பியலறிஞர் ஹிதேகி யுகாவாவின் நூல். பயனுடையது என்று நாம் நம்புவதையே ஐயுற வேண்டும் என்னும் சீன ஞானி சுவாங்சியின் கருத்தை யுகாவா அதில் எடுத்தாண்டிருந்தார். நுண்துளைகள் கொண்ட ஜியோலைட் முன்னரே இருக்கும்போது இவருடைய முயற்சி எதற்கு என்று கருதி நிதியளிப்போர் கைவிரித்ததும் உண்டு. எனினும் 1997இல் அவர் அமைத்த சட்டகம், உள்ளிருந்த நீர் நீங்கிய பின்னும் சிதையாது நின்று, மீத்தேன், நைட்ரஜன், ஆக்சிஜன் ஆகிய வாயுக்களை ஏற்றும் வெளிவிட்டும் காட்டியது.

மூன்றாமவர் ஓமர் யாகி. ஜோர்தானின் அம்மான் நகரில், மின்சாரமும் குழாய்நீரும் இல்லாத ஒற்றை அறையில், உடன்பிறந்தார் பலரோடு வளர்ந்தவர். உலோக-கரிமச் சட்டகம் என்று பொருள்படும் பெயரை 1995இல் இப்பொருள்களுக்குச் சூட்டியவர் அவரே. 1999இல் அவர் படைத்த 'மாஃப்-5' என்பதன் ஓரிரு கிராமுக்குள் ஒரு கால்பந்துத் திடலளவு பரப்பு மடிந்து கிடக்கிறது. உள்ளே ஒன்றுமில்லாத நிலையிலும் அது 300 பாகை செல்சியஸ் வெப்பத்தைத் தாங்கிற்று. பின்னாளில் அவர் குழுவினர், அரிசோனாப் பாலைவனத்தில் இரவுக் காற்றின் ஈரத்தை இத்தகைய சட்டகத்தில் பிடித்து, காலைக் கதிரவனின் வெம்மையால் நீராக வெளிக்கொணர்ந்தனர். குழாய்நீர் காணாது வளர்ந்த சிறுவன் காற்றிலிருந்து நீர் எடுக்கும் வழி கண்டான் என்பது புனைவன்று; வரலாறு.

இச்சட்டகங்களின் பயன்பாடு இன்னும் பெரும்பாலும் சிற்றளவினதே. ஊருக்கே நீரூட்டும் நாள் வந்துவிட்டதாகக் கூறுவது மிகையாகும். ஆயினும் ஒன்று தெளிவு. இப்பொருளின் ஆற்றல் அதன் உலோகத்தில் மட்டும் இல்லை. அது சூழ்ந்து காக்கும் வெறுமையிலும் உள்ளது. கவிதையும் அத்தகையதே. சொற்கள் உறுதியாகத் தளைகொண்டால்தான் அவற்றிடையே சொல்லப்படாதது தங்க இடம் உண்டாகும். கட்டு தளர்ந்தால் வெற்றிடமும் இடிந்துபோம். இடைவெளியின்றி அடைத்தாலோ படிப்பவர் நுழைய வழியில்லை.

கவிதையால் என்ன பயன் என்று வினவுவோர் என்றும் உளர். மரக்குண்டில் தோன்றிய எண்ணம் படிகமாவதற்குப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. உலகம் அதனை மதிக்க மேலும் முப்பத்தாறு ஆண்டுகள் ஆயின. பத்தாண்டு நிறைந்த இம்மன்றத்தின் கவிஞர்கள் அவ்வினாவுக்கு விடைகூற விரைய வேண்டியதில்லை. தளை பிழையாது கட்டுவதே அவர்தம் கடன்.