எந்தத் தாங்கியைச் செய்வோம்?

(இளைஞர் பகுதிக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நமது இளைஞர் பகுதியினர் கூடியிருந்து ஒரு பிளாஸ்டிக் மொடல் செய்வதென்றும், அது இரண்டாம் உலக யுத்தகாலத்துக் கவசவாகனம் ஒன்றாக இருத்தல் வேண்டுமென்றும் சென்ற கூட்டத்திலே முடிவாயிற்று. எந்த வாகனம் என்பதிலேதான் வழக்கு எழுந்தது. ஒருவர் ஜேர்மானியரின் ‘டைகர்’ என்றார். இன்னொருவர் பர்மாப் போரில் ஓடியதே வேண்டும் என்றார். பெரியவர் ஒருவர் எழுந்து, “ஏன் தம்பிமாரே, செய்வதற்கு உங்களுக்கு ஒரு கோயிற்றேர் கிடைக்கவில்லையா?” என்று கேட்டார். மூன்று கட்சியாருக்கும் விடை கூறும் பொறுப்பு எம்மீது சுமத்தப்பட்டுள்ளது.

பெரியவர் கேட்டதையே முதலில் எடுத்துக்கொள்வோம். ஆயுத பூசையன்று வாளுக்கும் சந்தனம் சாத்துகின்ற நாம் ஒரு விளையாட்டுத் தாங்கியைக் கண்டு அஞ்சுவதா என்று எம்மவரிற் சிலர் மறுமொழி கூறினர். அம்மறுமொழி எமக்குப் போதியதாகத் தோன்றவில்லை. 2009 மே மாதம் வரை இத்தீவிலே கவசவாகனம் விளையாட்டுப் பொருளாக இருந்ததில்லை. ஆனையிறவிலே, ஏ-9 வீதியோரத்தில், 1991ஆம் ஆண்டுச் சமரிற் சிதைந்த கவசமிட்ட புல்டோசர் ஒன்று நினைவுச்சின்னமாக நிறுத்தப்பட்டிருக்கிறது. அவ்வழியே யாழ்ப்பாணம் செல்லும் பஸ்ஸில் ஒருவர் அதனை வீரத்தின் அடையாளமாகப் பார்ப்பார்; அடுத்த ஆசனத்தில் இருப்பவர் தம் வீட்டில் இல்லாது போனவரை எண்ணி முகத்தைத் திருப்பிக்கொள்வார். இருவரும் ஒரே பஸ்ஸிற் செல்பவர்களே. ஆதலால், நம் நாட்டுப் போரின் வாகனம் எதனையும் இம்மண்டபத்திற் செய்துவைக்க நாம் உடன்படோம். பழைய போரொன்றையே எடுத்துக்கொள்வோம். அதனையும் நவராத்திரிக் கொலுப்படியில் ஏற்றாது, வாசிகசாலை அலுமாரியில், இது எங்கே எதற்காகச் சென்றது என்று எழுதிய அட்டையுடன் வைப்போம். இந்த நிபந்தனைக்குப் பெரியவர்கள் இணங்குவார்கள் என்பது எமது நம்பிக்கை.

இனி, மொடல் என்பது யாது? பெட்டியைத் திறந்தால், பிளாஸ்டிக் சட்டங்களிலே கொத்துக்காய்களைப் போலச் சிறு உறுப்புகள் தொங்கும். அவற்றை வெட்டியெடுத்து, அரத்தினால் தேய்த்து, படத்தைப் பார்த்துப் பொருத்தவேண்டும். இதற்கென வரும் பசை பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே சற்றுக் கரைத்து, இரு துண்டையும் ஒன்றாக இறுகச் செய்வது. அதன் ஆவி தலையைச் சுற்றவைக்குமாதலின் யன்னல்களைத் திறந்துவைத்தே வேலை செய்தல் வேண்டும்.

அளவு விகிதம் என்பது நமக்குப் புதிய சங்கதியன்று. நமது சிற்பிகள் முகத்தின் நீளத்தைத் தாளம் எனக் கொண்டு விக்கிரகத்தின் உயரத்தை வகுக்கின்றனர். மொடற்காரரின் கணக்கு இதனிலும் எளிது. 35இல் ஒன்று என்றால், 35 சென்ரிமீற்றர் இங்கே ஒரு சென்ரிமீற்றர் ஆகும். இந்த 35 எப்படி வந்ததென்று கேட்டால் சிரிப்பீர்கள். யப்பானிலே ஷிசுவோக்கா நகரத்தில் மரவியாபாரமாகத் தொடங்கிய டமியா நிறுவனம், 1960களின் தொடக்கத்திலே ‘பாந்தர்’ எனும் ஜேர்மானியத் தாங்கியைச் செய்தபோது, உள்ளே மோட்டரும் பெற்றரியும் அடங்கக்கூடியதாக உடலை அமைத்தது. பின்னர் அளந்து பார்த்தால் அது ஏறத்தாழ 35இல் ஒன்றாக இருந்தது. பெற்றரி வகுத்த சாஸ்திரத்தை இன்று உலகமே கைக்கொள்கிறது! 72இல் ஒன்று என்ற அளவும் உண்டு, விலையும் குறைவு. ஆனால் அதில் ஒரு மனிதன் இரண்டரைச் சென்ரிமீற்றர் கூட வரமாட்டான். பத்துப்பேர் கூடிச் செய்யும் வேலைக்கு 35இல் ஒன்றே தகும்.

டைகர் வேண்டுமென்ற தோழர்களுக்கு ஒரு வார்த்தை. 57 தொன் பாரமும் 88 மில்லிமீற்றர் பீரங்கியும் கொண்ட அவ்வாகனம் பார்வைக்குக் கம்பீரமானதே. ஆயினும் அதில் ஏறத்தாழ 1,350 மட்டுமே செய்யப்பட்டன. அவற்றுள் ஒன்றேனும் ஆசியப் போர்க்களத்தை மிதிக்கவில்லை. பெட்டியின் மேலுள்ள சித்திரத்தைப் பார்த்தே அதனை விரும்புகிறீர்கள் என்று நினைக்கிறோம். இன்னுமொன்று: ஜேர்மானியத் தாங்கிகளில் இட்டது பெரும்பாலும் சிலுவைக்குறியே என்றாலும், அவற்றின் கொடியிலே நாஸிகளின் வளைசிலுவை இருந்தது. நம் கோயில் வாசலில் மங்கலமாக இடும் சுவஸ்திகத்தோடு அதனை ஒன்றென மயங்குவோர் இன்றும் உளர். இது வேறு, அது வேறு என்று அலுமாரியைத் திறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நின்று விளக்க எவரால் ஆகும்?

அடுத்தது ‘லீ’ எனும் அமெரிக்கத் தாங்கி. இதனை முற்றாகத் தள்ள எமக்கு மனமில்லை. 1944 ஏப்பிரலிலே தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் டில்லியிலிருந்து கண்டிக்கு வந்தது. மவுண்ட்பேட்டன் பிரபுவின் அலுவலகம் பேராதனைப் பூந்தோட்டத்தினுள் அமைந்தது. நாம் விரிவுரைக்குச் செல்லும் வழியில் மதிலுக்கப்பால் தெரியும் அதே மரங்களின் கீழ்தான் பர்மாப் போரின் வரைபடங்கள் விரிக்கப்பட்டன. அதே மாதம் 13ஆம் நாள், இம்பாலுக்கு அருகே நன்ஷிகம் என்னும் செங்குத்தான குன்றிலே லீ தாங்கிகள் ஏறின. வழிகாட்டத் தலையை வெளியே நீட்டியவர்கள் சுடப்பட்டனர். அந்தத் தாங்கி அணியின் அதிகாரிகள் அனைவருமே மாண்டனர் அல்லது காயமுற்றனர். மூன்று மீற்றருக்கு மேல் உயர்ந்த அந்த வாகனத்தின் மொடல் ஒன்பது சென்ரிமீற்றர் உயரம் வரும். அலுமாரிக்கு அழகாகவே இருக்கும்.

ஆயினும் எமது தெரிவு ‘ஸ்டுவர்ட்’ என்னும் சிறு தாங்கியே. ஏறக்குறைய 13 தொன் பாரம், 37 மில்லிமீற்றர் பீரங்கி, நால்வர் குழு, அவ்வளவுதான். டைகரின் பக்கத்தில் நிறுத்தினால் யானையருகே ஆட்டுக்குட்டி. இம்பாலிலே இதனைச் செலுத்தியவர்களுள் இந்தியாவின் ஏழாவது இலகு குதிரைப்படையினரும் இருந்தனர். 1784இல் சென்னைக் குதிரைப்படையின் ஓர் அணியாகத் தோன்றியது அப்படை. யுத்தம் முடிந்து, இந்தியா சுதந்திரமடைந்து, காஷ்மீரத்திலே போர் மூண்டபோது, அதே படை ஸ்டுவர்ட் தாங்கிகளுடன் சோஜிலாக் கணவாய்க்கு அனுப்பப்பட்டது. 3,500 மீற்றர் உயரத்திலுள்ள அக்கணவாயை 1948 செப்ரெம்பரிற் காலாட்படை தாக்கிப் பிடிக்க முடியவில்லை. தாங்கிகள் வருவது எதிரிக்குத் தெரியாதிருக்கவும், வலுவற்ற பாலங்கள் தாங்கவும், அவற்றின் சுழல்கூண்டுகளைக் கழற்றித் தனியே கொண்டு சென்றனர். நவம்பர் முதலாம் நாள், கோவேறு கழுதைகள் நடக்கும் வழியென எதிரி நினைத்திருந்த மலைப்பாதையிலே, பனிக்கிடையே தாங்கிகள் தோன்றின. கணவாய் அன்றே வீழ்ந்தது.

கழுதைப்பாதை எவ்வாறு தாங்கிப்பாதை ஆயிற்று என்பதே நாம் சொல்லவந்த விடயம். மதராஸ் சப்பர்ஸ் எனும் பொறியியற் படையினர், தென்னாட்டிலிருந்து சென்றவர்கள், பல்தால் என்னும் இடத்திலிருந்து மேல்நோக்கி மலையை வெட்டிப் பாதையை அகட்டினர். வெயிலிற் பிறந்தவர்கள் உறைபனியிலே கல்லுடைத்தனர். சோஜிலாவின் கதையைச் சொல்பவர்கள் தாங்கியைச் சொல்வார்கள். தளபதி திம்மையாவைச் சொல்வார்கள். பாதையை ஒரு வரியிற் கடந்துவிடுவார்கள். கடுகண்ணாவை ஏற்றத்திலும், 1867இல் கண்டியை எட்டிய ரயில் பாதையிலும் மலைபிளந்த கைகளுள் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் மூதாதையரின் கைகளும் இருந்தன. அவர்களுடைய பெயர்களும் எங்கும் செதுக்கப்பட்டில. ஆகவே, ஸ்டுவர்ட்டை வெறும் பலகைமேல் நிறுத்தாது, அதன் கீழே பாதையையும், பாதையோரத்தில் அதனை வெட்டியவர்களையும் சேர்த்தே செய்வோம் என்பது எமது பிரேரணை. நீளம் 13 சென்ரிமீற்றர் உள்ள தாங்கிக்கு 40 சென்ரிமீற்றர் பாதை போடலாம்.

வாங்கும்போது கவனிக்கவேண்டியவை சில. ஸ்டுவர்ட் ஒரே வகையன்று. முன்தகடு படிப்படியாக இருந்தால் எம்.3இன் முந்திய வகை; ஒரே சரிவாக இறங்கினால் எம்.5 அல்லது எம்.3இன் பிந்திய வகை. சோஜிலாவிற் பிடித்த படங்களை முதலில் தேடி, தகட்டைப் பார்த்து, அதன் பின்னரே பெட்டியைத் தெரிவோம். பழைய அச்சுப்பெட்டி மலிவு. ஆனால் மூட்டுகளில் இடைவெளி விழக்கூடும், நிரப்பித் தேய்க்கப் பொறுமை வேண்டும். பசையும் பூச்சும் தூரிகையும் பெட்டியினுள் வருவதில்லை. அவற்றுக்கும் பணம் ஒதுக்கவேண்டும். கண்டியின் ஈரக்காற்றிலே சிலவகைப் பூச்சுகள் வெண்மை பூத்துவிடும். ஆதலின் ஒட்டும் வேலையை மழைக்காலத்திலும், பூச்சு வேலையை மாசி பங்குனியிலும் வைத்துக்கொள்வது நன்று.

பாதைக்குக் கல்லாக மகாவலி மணலைச் சலித்தெடுக்கலாம். தொழிலாளர் உருவங்கள்தாம் கடினம். பெட்டிகளிற் கிடைக்கும் சிப்பாய்கள் எல்லோரும் துப்பாக்கி ஏந்தியவர்கள். அத்துப்பாக்கிகளை வெட்டிவிட்டு, கம்பித்துண்டுகளாற் பிக்காசும் அலவாங்கும் செய்து அவர்கள் கைகளிற் பொருத்தும் வேலையை நாமே பொறுப்பேற்கிறோம்.